பத்தாம் நம்பர் மூக்கு

1

இந்தக் கதை ஒரு பிழைதிருத்தத்திலிருந்து பிறந்தது. திருத்தியவன் நான். நன்றாகத் திருத்தினேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

லஸ் முனைக்குப் பக்கத்தில், பாத்திரக் கடை ஒன்றின் மாடியில் எனக்கு ஒரு டி.டி.பி. சென்டர் உண்டு. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேசர் பிரிண்டர், சுவர் முழுக்கக் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் டுடோரியல் வினாத்தாளும் வீட்டுமனை நோட்டீசும் அடித்துத் தருவேன். நடுநடுவே கதை எழுதுவேன். நாலைந்து பிரசுரமும் ஆகியிருக்கின்றன. ‘ஒரு சொல் கூட அதிகமில்லாத நடை’ என்று வாசகர் ஒருவர் கடிதம் போட்டிருந்தார். அதை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன்.

இதை நாலாவது தடவையாக எழுதுகிறேன். முந்தைய தொடக்கங்களையும் இங்கேயே போட்டுவிடுகிறேன்.

முதலாவது: ‘கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது அந்த ஐஸ் ஃபேக்டரி.’ [அழகாக இருக்கிறது. ஆனால் அதன் வாசலே கடல் பக்கம்தான்.]

இரண்டாவது: ‘அந்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே தேவானைக்கு மனசு சரியில்லை.’ [தேவானையிடமே கேட்டேன். “மனசுக்கு இன்னா? நல்லாத்தான் இருந்துச்சு. வஞ்சரம் நெறைய வந்துச்சு அன்னிக்கு” என்றார்.]

மூன்றாவது: ‘அமோனியா என்பது’ [இதற்கு மேல் போகவில்லை. டுடோரியல் வாடை அடித்தது.]

ஆகவே, நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

2

பட்டினப்பாக்கத்தில் இருந்த அந்த ஐஸ் ஃபேக்டரிக்குக் கதைக்காக நான் வைத்த பெயர் சீகல் ஐஸ். சாலைக்கு இந்தப் பக்கம் ஐஸ் கட்டி போடும் கூடமும் மிஷின் ரூமும். அந்தப் பக்கம் இறால் வைக்கும் குளிர் அறைகள் ஒன்பது. எல்லாக் குளிரும் அமோனியாவிலிருந்து வருவது. குழாய்க்குள் இருக்கும்வரை அது சாது. வெளியே வந்தால் கண்ணைக் கெடுக்கும், மூச்சை அடைக்கும், ஆளையும் கொல்லும்.

ஒவ்வொரு குளிர் அறையிலும் ஒரு வெப்பமானி இருந்தது. முதலில் வயர் இழுத்துத்தான் அவற்றை ஆபீசோடு இணைத்திருந்தார்கள். உப்புக் காற்று ஆறே மாதத்தில் வயரைத் தின்றுவிட்டது. புதைத்துக் கொண்டுபோகலாம் என்றால் சாலையைத் தோண்ட அனுமதி கிடைக்கவில்லை. அதனால் வயர் இல்லாமல் செய்ய முடியுமா என்று அடையாறில் ஒரு கம்பெனியைக் கேட்டார்கள். கம்பெனி என்றால் ஒரு வீட்டு மாடி, நாலு பேர். அந்த நாலு பேரில் ஒருவர் டோரதி.

டோரதிக்கு அப்போது முப்பது வயது. சாந்தோமில் பிறந்து வளர்ந்தவர், வாத்தியார் மகள். 1996 டிசம்பரில் ஒரு நாள் காலை, ஹெல்மெட்டைக் கழற்றாமலே என் மாடிக்கு ஏறி வந்தார். மிஷின் ஓட்டுகிறவர்கள் பார்ப்பதற்காகத் தமிழில் ஒரு அட்டை வேண்டும். சுவரில் மாட்ட வேண்டும்.

“மொத்தம் பதினோரு கருவி சார். ஒன்பது வெப்பமானி, ரெண்டு மூக்கு.”

“மூக்கா?”

“அமோனியா வாடை வந்தா கண்டுபிடிக்கிறது. அங்க எல்லாரும் மூக்குன்னுதான் சொல்றாங்க. பத்தாம் நம்பர் மிஷின் ரூம்ல இருக்கு. பதினொண்ணு ரோட்டுக்கு அந்தப் பக்கம், குளிர் ரூம் கிட்ட.”

பதினோரு கருவிக்கும் ஆளுக்கொரு சின்ன வாக்கிடாக்கி பொருத்தியிருந்தார். ஆபீசில் ஒரு பெட்டி. அந்தப் பெட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளும். ஆபத்து என்று தெரிந்தால் மூன்று காரியம் செய்யும்: அமோனியா குழாயின் வால்வை மூடும், சைரனை அலறவிடும், பெரிய எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடும். அதெல்லாம் வயர் இல்லாமலே. ஆனால் எல்லாருக்கும் சேர்த்து அலைவரிசை ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இரண்டு பேர் பேசினால் இரண்டுமே கேட்காது.*

[* அந்த ஒரு அலைவரிசைக்கான லைசென்ஸ் டில்லியிலிருந்து வர எட்டு மாதம் ஆனதாம். டோரதி இதை வருத்தமாகச் சொல்லவில்லை. அந்த எட்டு மாதத்தில்தான் யோசிக்க நேரம் கிடைத்தது என்றார்.]

அட்டையின் தலைப்பில் ‘குவாலிட்டி ஆஃப் சர்வீஸ்’ என்று ஒரு ஆங்கிலத் தொடர் இருந்தது. நான் ‘தரமான சேவை’ என்று தட்டினேன். டோரதி சிரித்தார்.

“அது ஓட்டல் போர்டு சார். இது சேவையின் தரம். ஒரு சேதி எவ்வளவு லேட்டா போய்ச் சேரலாம், நூத்துக்கு எத்தனை தொலைஞ்சு போகலாம், ரெண்டு பேர் ஒண்ணா வந்தா யாரை முதல்ல விடணும். இந்த மூணையும் முன்னாடியே பேசி முடிவு பண்ணிக்கிறது. முடிவு பண்ணலேன்னா அதுவா ஒண்ணு முடிவு பண்ணிக்கும்.”

கடைசியில் தலைப்பே வேண்டாம் என்று எடுத்துவிட்டோம்.

3

முதலில் டோரதி செய்திருந்தது வரிசை முறை. பெட்டி ஒன்றாம் நம்பரைக் கூப்பிடும், அது பதில் சொல்லும். பிறகு இரண்டு, மூன்று. ஒவ்வொருவருக்கும் இரண்டு வினாடி. பதினொன்றும் பேசி முடிய இருபத்திரண்டு வினாடி. யாருக்கும் குறை வைக்காத முறை என்று அவருக்கு அது பிடித்திருந்தது.

சோதனை நாளன்று பத்தாம் நம்பர் மூக்குக்குக் கீழே அமோனியா பாட்டிலைத் திறந்து பிடித்தார்கள். மிஷின் ஓட்டுகிற வலியுல்லா பக்கத்தில் நின்றிருந்தார். இருபது வருஷமாக அந்த மிஷின் ரூமில் இருப்பவர். மூக்கு தன் முறை வரும்வரை காத்திருந்து, சேதியைச் சொல்லி, சைரன் அலறியபோது வலியுல்லா வாசலுக்குப் போய் பீடி பற்றவைத்திருந்தார்.

“இன்னாம்மா, ஆள் செத்தப்புறம் சங்கு ஊதுற மிஷினா இது?” என்றார்.

டோரதிக்கு முகம் சுருங்கிவிட்டது. மறுவாரமே மாற்றினார். மூக்கு இரண்டுக்கும் முன்னுரிமை. யார் பேசிக்கொண்டிருந்தாலும் மூக்கு குறுக்கே புகலாம். இரண்டே வினாடியில் சைரன். இந்தத் தடவை வலியுல்லா தலையாட்டினார். “சரி. மிஷினுக்கு மூக்கு வெச்சாச்சு. சளி புடிச்சா இன்னா பண்ணுவீங்கோ?”

பிடித்தது. 1997 அக்டோபரில் மழை தொடங்கியதும் பத்தாம் நம்பர் மூக்கில் உப்பு ஈரம் இறங்கியது. அமோனியா இல்லாமலே கத்தத் தொடங்கியது. முன்னுரிமை உள்ள மூக்கு கத்தினால் மற்ற யாரும் பேச முடியாது. ஒன்பது வெப்பமானியும் வாயை மூடிக்கொண்டு நின்றன. ஒருநாள் நாற்பது நிமிஷம் ஆறாம் நம்பர் அறையிலிருந்து சேதியே இல்லை. சேதி வந்தபோது உள்ளே இறால் கெட்டிருந்தது. ஒவ்வொரு கத்தலுக்கும் வால்வு மூடிக்கொண்டதால் ஐஸ் உறையவில்லை. கூடையோடு நின்ற மீன்காரப் பெண்கள் வெறும் கூடையோடு திரும்பினார்கள்.

டோரதி வந்து பார்த்துவிட்டு, பெட்டியின் மூளையை மாற்றித் தருகிறேன், ஒரு மாதம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

4

இங்கேதான் நான் வருகிறேன்.

[இந்தப் பகுதியை இரண்டு தடவை ‘அவன்’ என்று எழுதிப் பார்த்தேன். ‘அவன் ஒரு டி.டி.பி. சென்டர் வைத்திருந்தான்.’ எழுதச் சுகமாக இருந்தது. அதனால்தான் விட்டுவிட்டேன்.]

அக்டோபர் கடைசியில் ஃபேக்டரி மேனேஜர் வேம்பு வந்தார். மயிலாப்பூர்க்காரர், ஐம்பது வயது, மழையில் நனைந்த செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். பழைய அட்டை ஈரத்தில் உப்பிப் போய்விட்டது, புதிதாக அடித்து லேமினேட் செய்ய வேண்டும் என்றார். பிறகு பையிலிருந்து டைரித் தாள் ஒன்றை எடுத்தார்.

“இந்த ஒரு வரியையும் சேர்த்துடுங்கோ.”

அவர் கையெழுத்தில் இருந்தது: ‘பத்தாம் நம்பர் தொடர்ந்து கத்தினால் அதன் சுவிட்சைக் கீழே தள்ளவும்.’

பெட்டியில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சுவிட்ச் இருந்தது. பழுது பார்க்கும்போது மட்டும் அணைப்பதற்காக வைத்தது.

“டோரதி மேடத்துக்கு...” என்று இழுத்தேன்.

“நான் சொல்லிக்கறேன். நேத்து மட்டும் பதினாலு தடவை சார். கத்திண்டே இருக்கு. லோடுமேன் எல்லாம் பதினாலு தடவை வெளியில ஓடி வந்தா. பதினஞ்சாவது தடவை நிஜமாவே வந்தாலும் எவனும் ஓட மாட்டான். நீங்களே சொல்லுங்கோ, நான் சொல்றது தப்பா?”

தப்பாகப் படவில்லை. இப்போதும் அந்த வாதத்தில் தப்பு கண்டுபிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது.

அவர் போன பிறகு உட்கார்ந்தேன். அட்டையில் பன்னிரண்டு வரிக்குத்தான் இடம். ஏற்கெனவே பன்னிரண்டு இருந்தது. அதில் ஒன்பதாவது வரி டோரதி எழுதியது: ‘பத்து, பதினொன்று சுவிட்சுகளை எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது.’

ஒரே அட்டையில் ஒரு வரி தள்ளு என்கிறது, ஒரு வரி தொடாதே என்கிறது. படிக்கிறவர் குழம்புவார். இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டும். எந்த நல்ல எழுத்தாளனும் அதைத்தான் செய்வான். டோரதி எழுதிய வரியை எடுத்தேன். வேம்பு கொடுத்ததை அந்த இடத்தில் வைத்தேன். அளவு கச்சிதமாக உட்கார்ந்தது.

மேஜையில் டெலிபோன் இருந்தது. அடையாறு நம்பர் என் டைரியில் இருந்தது. கீழே ஒருவர் கல்யாணப் பத்திரிகை ப்ரூஃபுக்காகக் காத்திருந்தார். போன் செய்யவில்லை.

5

நவம்பர், இரண்டாவது வெள்ளிக்கிழமை.

விடியற்காலையில் மழை. காலை ஆறு மணியிலிருந்து பத்தாம் நம்பர் கத்தியது. பத்து மணிக்கு வலியுல்லா அட்டையைப் பார்த்தார். சுவிட்சைக் கீழே தள்ளினார். தன்னுடைய மூக்கு இருக்கும்போது மிஷின் மூக்கு எதற்கு என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. பன்னிரண்டே முக்காலுக்கு, ஐஸ் கேன் தூக்குகிற கபாலியிடம் சொல்லிவிட்டு ஜும்மா தொழுகைக்குப் போனார். எல்லா வெள்ளிக்கிழமையும் போவதுதான்.

ஒன்றேகால் மணிக்கு மிஷின் ரூமில் ஒரு வால்வில் கசிவை அடைக்கும் கேஸ்கெட் விட்டுப்போனது.

ஐஸ் இறங்குகிற வாசலில் தேவானையும் இன்னும் இரண்டு பெண்களும் நின்றிருந்தார்கள். தேவானைக்கு முப்பத்தாறு வயது. கரையில் மீன் எடுத்து, ரோட்டோரத்தில் விற்கிறவர். முதலில் கண் எரிந்தது. பிறகு உள்ளே ஐஸ் கேன் மேடையின் மேலிருந்து கபாலி இருமும் சத்தம். “கண்ணு தெரில, கண்ணு தெரில” என்று கத்தினார். கூட இருந்த இரண்டு பெண்களும் ரோட்டுக்கு ஓடினார்கள். அது சரியான காரியம். அங்கே அதைத்தான் செய்ய வேண்டும்.

தேவானை ஐஸ் மூடுகிற கோணிச் சாக்கை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கித் தலையோடு போர்த்திக்கொண்டார். வாசலை ஒட்டித்தான் ஆபீஸ். ஆபீசில் யாரும் இல்லை. வேம்பு சாப்பிடப் போயிருந்தார். சுவரில் பெட்டி. பெட்டிக்கு மேலே என் அட்டை. தேவானை எட்டாவது வரை படித்தவர்.

அவர் அட்டையைப் படித்தார். பத்தாம் நம்பர் சுவிட்சைத் தேடினார். கீழே கிடந்தது. மேலே தள்ளினார்.

இரண்டு வினாடியில் சைரன் அலறியது. வால்வு மூடியது. ஃபேன் சுற்றத் தொடங்கியது.

அதோடு அவர் வெளியே வந்திருக்கலாம். உள்ளே போனார். கபாலியின் குரல் இருந்த பக்கம் போய், மேடை ஏணியில் பாதி ஏறி, அவர் காலைப் பிடித்து இழுத்து இறக்கினார். இறங்கும்போது மேலே குழாயில் தங்கியிருந்த அமோனியா சொட்டி, சாக்கு விலகியிருந்த இடது பக்க முகத்தில் விழுந்தது.

சைரன் கேட்டு வலியுல்லா தெருக்கோடியிலிருந்து ஓடி வந்தார். தேவானையைத் தரையில் உட்கார வைத்து, இரண்டு கண்ணையும் விரலால் பிரித்துப் பிடித்துக்கொண்டு, நல்ல தண்ணீர் ஹோஸை முகத்தில் விட்டார். தேவானை திமிறினார். “உடு நைனா, மூச்சு முட்டுது” என்று அலறினார். வலியுல்லா விடவில்லை. இருபது நிமிஷம், ஆட்டோ வரும்வரை.

வலது கண் அதனால் பிழைத்தது. இடது கண் போய்விட்டது. கபாலி ஒரு மாதம் இருமி, பிறகு தேறினார்.

6

தேவானை ஏன் சுவிட்சை மேலே தள்ளினார் என்பதில் இந்தக் கதை இரண்டு தடவை நின்றுபோனது.

முதல் பிரதியில் அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ‘வால்வை மூடினால்தான் கபாலி பிழைப்பான் என்று அவள் மனதில் மின்னலாக’ [விட்டுவிட்டேன். வால்வு பற்றி அவருக்கு எதுவும் தெரியாது.] இரண்டாவது பிரதியில் கை தவறிப் பட்டது. அது அவரைச் சின்னதாக்கியது. எனக்கு அது வசதியாகவும் இருந்தது. என் அட்டையை அவர் படித்ததாகவே எழுத வேண்டாம்.

பிறகுதான் நேரில் போய்க் கேட்டேன். கதைக்காகக் கேட்கிறேன் என்று சொன்னேன். அட்டை அடித்தவன் நான்தான் என்று சொல்லவில்லை.

“கத்துச்சுன்னா கீய தள்ளுன்னு எய்திக்கீது. சுச்சு கீயே கீது. அப்போ மேல தள்ளுனா கத்தும்ல? கத்துனா நாலு பேரு வருவாங்க. அத்தான்.”

“ஓடினீங்களா, நடந்து போனீங்களா?”

“தரையெல்லாம் ஐஸ் தண்ணி. ஓடுனா உய்ந்துடுவேன். நடந்துதான் போனேன். இதெல்லாம் கூடவா எய்துவே?”

எழுதியிருக்கிறேன்.

7

சேதி எனக்கு எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்ல வேண்டும். மறுநாள் மாலைப் பத்திரிகையில் நாலு வரி வந்திருந்தது. ‘தானியங்கிக் கருவி அணைக்கப்பட்டிருந்ததாகக் கூறப்படுகிறது.’ டீக்கடையில் நின்று படித்தேன். இரண்டாவது டீ வாங்கிக் குடித்தேன்.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். வலியுல்லா உள்ளதைச் சொன்னார்: அட்டையில் போட்டிருந்தது, தள்ளினேன். வேம்பு, அட்டை அடையாறு கம்பெனி கொடுத்தது என்றார். டோரதி, என் அட்டையில் அந்த வரி இல்லவே இல்லை என்றார். காட்டுவதற்கு அவரிடம் எதுவும் இல்லை. கையால் எழுதிய தாளை என்னிடம் கொடுத்திருந்தார். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று கம்பெனி அவரிடம் சொல்லிவிட்டது.

நாலாம் நாள் டோரதி எனக்குப் போன் செய்தார்.

“சார், போன வருஷம் நான் எழுதிக் குடுத்த பேப்பர் உங்ககிட்ட இருக்கா?”

“தேடிப் பார்க்கிறேன்” என்றேன்.

அது மேஜையின் முதல் டிராயரில் இருந்தது. அதன் மேலேயே வேம்புவின் டைரித் தாளும் இருந்தது. பேசும்போது டிராயர் திறந்துதான் இருந்தது.

இந்த இடத்துக்கு இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில், போனை வைத்த கையோடு நான் இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடிக்கிறேன். இன்னொன்றில், கரையான் அரித்த டிராயரில் தாளே இல்லை. நான் உண்மையிலேயே தேடுகிறேன். இரண்டும் நன்றாக வந்திருக்கின்றன. இரண்டாவதைப் படித்த நண்பர் கண் கலங்கினார்.

நடந்தது இது: ஐந்து நாள் நான் எதுவும் செய்யவில்லை. கல்யாணப் பத்திரிகை அடித்தேன். ஒரு வினாத்தாளில் பதினேழு பிழை கண்டுபிடித்தேன். வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்கும்போதெல்லாம் டிராயரை மூடினேன்.

8

ஒன்பதாம் நாள் போனேன். ஏன் அன்றைக்கு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. திருப்பம் எதுவும் இல்லை. காலையில் எழுந்தேன், போனேன்.

சாந்தோமில் சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. சாப்பாட்டு மேஜையில் பழைய பேப்பர் விரித்து, பத்தாம் நம்பர் மூக்கைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார் டோரதி. வேலைக்கு வர வேண்டாம் என்று சொன்ன பிறகும் அதை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். இரண்டு தாளையும் மேஜையில் வைத்தேன். படித்தார்.

“இந்த வரியை யார் எடுத்தது?”

“நான்தான்.”

“வேம்பு சார் எடுக்கச் சொன்னாரா?”

“இல்லை. சேர்க்கத்தான் சொன்னார். ரெண்டும் முரணா இருந்தது. அதனால...”

“முரண்!” என்றார். “ஒரு போன் சார். ஒரே ஒரு போன். என்கிட்ட கேட்டிருந்தா அன்னிக்கே வண்டியை எடுத்துட்டு வந்து அந்தப் பெட்டி முன்னாடியே உக்காந்திருப்பேன்.”

நான் வேம்புவின் தாளை நேராக்கி வைத்தேன்.

“அஞ்சு நாள் முன்னாடி தேடிப் பார்க்கிறேன்னு சொன்னீங்களே, அப்போ?”

“டிராயர்லதான் இருந்தது.”

கையிலிருந்த துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். உள்ளே அவர் அப்பா யார் வந்திருப்பது என்று கேட்டார். “பிரஸ்காரர்ப்பா” என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார்.

“உங்களை நல்லா திட்டணும். ஆனா அந்த சுவிட்சை வெச்சது நான். ஒரு சுவிட்சை வெச்சுட்டு, தொடாதேன்னு பக்கத்துல எழுதி ஒட்டினேன். அது டிசைன் இல்ல சார். அது வேண்டுதல். மூக்கு தப்பா கத்தினா மத்த பத்து பேரும் பட்டினின்னு எனக்கு டிசம்பர்லயே தெரியும். மழை வரட்டும் பார்க்கலாம்னு விட்டேன்.”

அன்று மதியமே இருவரும் அந்த அதிகாரியின் ஆபீசுக்குப் போனோம். வேம்புவையும் வரச்சொன்னார்கள். டைரித் தாளை அவர் முன்னால் வைத்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“என் எழுத்துதான்” என்றார். “மேடத்துகிட்ட சொல்றேன்னு சொன்னேன். மறந்துட்டேன். சத்தியமா மறந்துதான் போச்சு.” பிறகு, யாரும் கேட்காமலே, “பதினாலு தடவை சார்” என்றார்.

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். நான் அவரை நம்பினேன்.

9

டோரதி வேலைக்குத் திரும்பினார். மூன்றாவது முறையாக அந்தப் பெட்டியின் மூளையை எழுதினார்.

மூக்குக்கு முன்னுரிமை இப்போதும் உண்டு. அது எப்போது வேண்டுமானாலும் குறுக்கே புகலாம். சைரனும் வால்வும் இரண்டு வினாடியில். ஆனால் மூக்கு ஒரு முறை சொன்ன பிறகு, வெப்பமானிகள் இரண்டைப் பேசவிட்டுத்தான் மறுபடி பேச வேண்டும். யாரும் பட்டினி கிடக்கக் கூடாது. பத்தாம் நம்பருக்குப் பக்கத்திலேயே இன்னொரு மூக்கு. இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் பெட்டி வால்வை மூடாது. ஆனால் மணி அடித்து ஆளைக் கூப்பிடும், ஆள் வந்து பார்க்கும்வரை நிறுத்தாது. மழை நாளில் மணி அடிக்கத்தான் அடித்தது. வலியுல்லா போய்ப் பார்த்தார். முணுமுணுத்துக்கொண்டே பார்த்தார்.

மூக்குகளுக்குச் சுவிட்ச் இல்லை. சுவிட்ச் இருந்த ஓட்டையைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள்.

புது அட்டை அடிக்க டோரதி வேறு பிரஸ்ஸுக்குப் போவார் என்று நினைத்தேன். என்னிடமே வந்தார். அடித்து முடித்ததும் எதிரே உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் தன் தாளோடு விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். அரைமணி நேரம் ஆனது. நான் அந்த அரைமணி நேரமும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

[இங்கே முடித்திருக்கலாம். ‘முன்னுரிமை’ என்ற தலைப்பில் ஒரு பத்திரிகைக்கு அனுப்பவும் செய்தேன். ஒப்புக்கொண்டார்கள். ப்ரூஃப் வந்தபோது திருப்பி வாங்கிக்கொண்டேன்.]

10

ஏனென்றால் அப்போதும் தேவானைக்குத் தெரியாது.

இரண்டு வருஷத்தில் ஏழெட்டுத் தடவை அவரிடம் போயிருப்பேன். கதைக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். சாக்கு எங்கே இருந்தது, தொட்டி எங்கே இருந்தது, கண் ஆஸ்பத்திரியில் எத்தனை நாள். அவரும் மீன் அறுத்துக்கொண்டே சொன்னார். போகும்போது சங்கரா மீன் கொடுத்து அனுப்புவார். சில நாள் காசு வாங்க மாட்டார். ‘என்னப் பத்தி எய்துற ஆளு’ என்று பக்கத்துக் கடைக்காரியிடம் என்னைக் காட்டிச் சொல்வார்.

போன மாதம், 1999 அக்டோபரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போனேன். இதுவரை எழுதியதைக் கையில் கொண்டுபோனேன். பிளாஸ்டிக் ஸ்டூலைத் தட்டி நகர்த்தினார்.

“இன்னா சார், எய்திட்டியா? புக்குல வந்துச்சா?”

“இன்னும் இல்லை. உங்களுக்குப் படிச்சுக் காட்டலாம்னு வந்தேன்.”

“படி.”

என் கடை வரும் முதல் இரண்டு பகுதிகளைத் தாண்டி, மூன்றாவதைப் படித்தேன். வலியுல்லா பீடி பற்றவைத்ததற்குச் சிரித்தார். நாலாவது பகுதிக்கு வந்தபோது தாளை மடியில் வைத்துவிட்டு, வாயால் சொன்னேன். அட்டை அடித்தது நான். தொடக் கூடாது என்ற வரியை எடுத்ததும் நான்.

கத்தி நின்றது. ஒரு வவ்வால் மீனைப் பாதி அறுத்திருந்தார்.

“நீயா?”

“ஆமாம்.”

“டோரதிம்மாக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்போலேர்ந்து?”

“ஒன்பதாவது நாள்லேர்ந்து.”

“ஆபீசருக்கு?”

“அன்னிக்கே சொல்லிட்டேன்.”

“வலியுல்லா பாய்க்கு?”

“தெரியும்.”

கணக்குப் போடுவது மாதிரி கடற்கரைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ எனக்கு மட்டும் ரெண்டு வருசமா?” என்றார்.

நான் யோசித்து வைத்திருந்த பதில்கள் மூன்று இருந்தன.

அதற்குள் ஓர் அம்மா பையோடு வந்து அவருடைய இடது பக்கம் நின்று, வஞ்சரம் என்ன விலை என்று கேட்டார். தேவானை முழுத் தலையையும் திருப்பிப் பார்த்தார். விலை சொன்னார். அந்த அம்மா குறைத்துக் கேட்டார், தேவானை குறைக்கவில்லை. துண்டு போட்டு, கழுவி, கவரில் கட்டிக் கொடுத்தார். காசை வாங்கி ரவிக்கைக்குள் பர்சில் வைத்தார். கையைத் தண்ணீரில் அலசி, புடவையில் துடைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

பிறகு பத்து நிமிஷம் பேசினார். கத்தவில்லை. நடுவில் ஒரு தடவை எழுந்து போய் டீ சொல்லிவிட்டு வந்தார். எத்தனை டீ என்பதைக்கூட நான் இங்கே எழுத முடியாது. பேசி முடித்ததும் என் மடியில் இருந்த தாள்களைக் காட்டினார்.

“இப்போ சொன்னத அதுல எய்தாத. அது கதைக்குச் சொல்லல. உனக்குச் சொன்னது.”

“எழுத மாட்டேன்.”

“மத்ததெல்லாம் எய்திக்கோ. நான் நடந்து போனேன்னு கரெக்டா போட்டுக்கீறியா?”

“போட்டிருக்கேன்.”

“சரி, போ. ஆளுங்க வர்ற நேரம்.”

அவர் பேசியது இந்த இடத்தில் வர வேண்டும்.

[                    ]

அதைக் காலியாக விடுகிறேன். நீங்கள் அவராக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்களோ அதை உங்கள் கையால் எழுதிக்கொள்ளலாம். இடம் போதாவிட்டால் ஓரத்திலும் எழுதலாம். ஆனால் அது தேவானை சொன்னது என்று மட்டும் யாரிடமும் சொல்ல வேண்டாம்.